முப்பத்தெட்டு விநாடி

இதில் ஒரு நிமிடத்தைக்கூட நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை. எல்லா நேரமும் அப்போதைக்கப்போது என் நோட்டில் பென்சிலால் எழுதியது. நோட்டு என் மடியில்தான் இருக்கிறது. இப்போது மணி 1:20. அம்மா பக்கத்து அறையில் தூங்குகிறாள். அவளை எழுப்பிச் சொல்லலாம்தான். ஆனால், "கண்டதையும் நினைச்சுக் குழப்பிக்காதே, படு" என்பாள். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் கல்லூரி நாடகத்துக்கு நான் ஸ்டேஜ் மேனேஜர். நடிப்பதெல்லாம் கிடையாது. மேடையின் வலது சைட் விங்கில், திரை மறைவில், ஒரு சின்ன நீல பல்புக்குக் கீழே உட்கார்ந்திருப்பேன். காதில் ஹெட்செட், கையில் ஸ்டாப்வாட்ச், முன்னால் ஸ்கிரிப்ட். "ரெடியா?" என்று கேட்பேன். "ரெடி" என்று பதில் வரும். பிறகு "கோ" என்பேன். அப்போதுதான் லைட் எரியும், ஆள் உள்ளே போகும். நான் சொல்லாமல் யாரும் மேடையில் கால் வைக்கக் கூடாது. இடது பக்கக் கதவு வழியாக வருகிறவர்களுக்காக அங்கே ஆணியில் இன்னொரு ஹெட்செட் தொங்கும்.

போன வருடம் ஒரு பெரிய நாடகக் குழுவில் உதவியாளராக இருந்தேன். சம்பளம் வாங்கும் நடிகர்களே ஒரு நிமிடம் தாமதமானாலும் அவர்கள் பெயர் அங்கே நோட்டில் ஏறிவிடும். அந்தத் திமிர் எனக்கும் ஒட்டிக்கொண்டது. உயரமும் ஜாஸ்தி, எப்போதும் வாட்ச்சையே பார்ப்பேன் என்பதால் எல்லோரும் என்னை "மணிக்கூண்டு" என்பார்கள். அந்தப் பெயரை வைத்தது குருவி.

குருவி என் சிநேகிதி. ஆறாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்ச். நாடகத்தில் அவளுக்கு ஒரே ஒரு காட்சி. பக்கத்து வீட்டுப் பெண்ணாக இடது கதவில் வந்து, வயதான ஜட்ஜிடம் ஒரு கடிதம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். நாலே வரி. நான் அளந்திருக்கிறேன். சரியாக முப்பத்தெட்டு விநாடி. அந்த நாலு வரிக்கு அவள் வீட்டுக் கண்ணாடி முன்னால் மூன்று வாரம் ஒத்திகை பார்த்தாள்.

எங்கள் டைரக்டர் சார் வெளியில் பெரிய நாடகங்கள் போடுகிறவர். மூன்று முறை லேட்டாக வந்தால் வேஷம் போய்விடும் என்பது அவருடைய சட்டம். என்னிடம் தனியாக இன்னொன்றும் சொல்லியிருந்தார். "இதை ஒழுங்கா ஓட்டிக் காட்டு. அடுத்த நாடகத்துக்கு உன்னை எடுத்துக்கறேன்." அதற்காக நான் என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன்.

செய்தேன்.

செவ்வாய்க்கிழமை மாலை 4:03. குருவி மூச்சு வாங்க வாங்க மாடிப்படி ஏறி வந்தாள். மூன்றாவது முறை. முகம் சிவந்திருந்தது. ஓடி வந்ததால் என்று நினைத்தேன். நான் பென்சிலை எடுத்தேன்.

"நாலுன்னு போடுடி."

"மணி 4:03."

"மூணு நிமிஷத்துல என்னடி குடிமுழுகிப் போச்சு? நீ மணிக்கூண்டா, இல்ல மாமியாரா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நான் சிரிக்கவில்லை. 4:03 என்று எழுதினேன். அவள் சிரிப்பு மெதுவாக நின்றது. படியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். பிறகு இறங்கிப் போய்விட்டாள்.

சார் வேறு ஆளைப் போடவில்லை. காட்சியையே வெட்டிவிட்டார். கடிதம் முன்பே மேஜையில் இருக்கும், ஜட்ஜ் எடுத்துப் படிப்பார், அவ்வளவுதான். அன்றிரவு குருவிக்கு மெசேஜ் அனுப்பினேன். ஒரே டிக். புதன், ஒரே டிக். வியாழன், போன் சுவிட்ச் ஆஃப். கோபத்தில் இருக்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை கடைசி ஒத்திகையில் இரண்டாம் பாதி 44 நிமிடம் 10 விநாடி ஓடியது. நாடகம் வெள்ளி, சனி, ஞாயிறு.

வெள்ளிக்கிழமை 7:52. ஜட்ஜாக நடிக்கும் பையன் கடிதத்தை எடுக்க வேண்டிய இடம். அவன் எடுக்கவில்லை. தலையைத் திருப்பி இடது கதவையே பார்த்தான். ஜட்ஜின் மகளாக நடித்தவளும் பார்த்தாள். அரங்கமே அமைதி... வசனம் மறந்துவிட்டான் என்று நினைத்து, "கடிதம்... கடிதம்..." என்று மெல்லச் சொன்னேன். அவன் காதில் விழவே இல்லை. பிறகு, ஒன்றும் நடக்காதது போல், கடிதத்தை எடுத்துப் படித்தான்.

இரண்டாம் பாதி 44 நிமிடம் 48 விநாடி.

மேக்கப் கலைத்துக்கொண்டிருந்தவனைப் பிடித்தேன். "ஏன்டா அவ்ளோ நேரம் நின்னே?"

"எங்க நின்னேன்? நேரா எடுத்தேனே."

"முப்பத்தெட்டு செகண்டுடா!"

"உன் வாட்ச்சுக்குப் பேட்டரி போடு, மணிக்கூண்டு."

மகளாக நடித்தவளும் அதையேதான் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

சனிக்கிழமை. சரியாக 7:52. மறுபடி அமைதி. இரண்டு பேரும் கதவைப் பார்த்தார்கள். அப்போது ஹெட்செட்டில் லைட் அண்ணன் குரல். அவர் அந்த அரங்கத்தில் இருபது வருடமாக வேலை பார்ப்பவர். பின்பக்கம் மேலே, கண்ணாடி அறையில் இருப்பார்.

"பாப்பா... லெஃப்ட் கதவுல ஒரு பொண்ணு நிக்குதே. லைட் இல்லையே அதுக்கு. குடுக்கவா?"

"எந்தப் பொண்ணுண்ணா?"

"அதான்... உள்ள வராம வாசப்படியிலயே நிக்குது."

நான் இருந்த இடத்திலிருந்து அந்தக் கதவின் விளிம்புதான் தெரியும். ஒரு சாண் திறந்திருந்தது.

ஹெட்செட்டில் இன்னொரு சத்தம்... யாரோ மூச்சு வாங்குகிறார்கள். மாடிப்படி ஏறி வந்த மாதிரி.

அந்த மூச்சு எனக்குத் தெரியும்.

"குடுக்காதீங்கண்ணா" என்றேன்.

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. முப்பத்தெட்டு விநாடி.

உண்மையைச் சொல்கிறேன், அப்போது எனக்குப் பயம் வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. குருவி திருட்டுத்தனமாக வந்து என் நாடகத்தைக் கெடுக்கிறாள், மற்றவர்களும் அவளுடன் கூட்டு என்று நினைத்தேன். திரை விழுந்ததும் இடது பக்கம் ஓடினேன். யாரும் இல்லை. ஆணியில் ஹெட்செட் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

ஆத்திரம் பஸ்ஸில் பாதி வழிவரை இருந்தது. அப்புறம் ஒன்று உறைத்தது. கெடுக்க வந்தவள் என்றால் உள்ளே நுழைந்திருக்கலாமே? இரண்டு நாளும் வாசலிலேயே நின்றிருக்கிறாள். நான் கூப்பிடுவதற்காக. இவ்வளவு நடந்த பிறகும் என் சட்டத்தை மதிக்கிறாள்.

பஸ்ஸிலேயே அழுதேன். மெசேஜ் போட்டேன். "ஸாரிடி. நாளைக்கு வா. லைட் வெக்கிறேன். நானே கூப்பிடுறேன்."

ஒரே டிக்.

ஞாயிற்றுக்கிழமை. சாரிடம் சொல்லவில்லை. தெரிந்தால் அடுத்த நாடகம் எனக்கு இல்லை. போகட்டும் என்று தோன்றியது. மேஜையிலிருந்த கடிதத்தை எடுத்து இடது கதவுக்குப் பின்னால் ஸ்டூலில் வைத்தேன். ஜட்ஜிடம், "இன்னைக்கு குருவி வருவா. அவ கையால வாங்கிக்கோ" என்றேன். லைட் அண்ணனிடம் கதவுக்கு ஒரு லைட் கேட்டேன். ஸ்கிரிப்டில் வெட்டியிருந்த நாலு வரியையும் மறுபடி எழுதினேன்.

7:51. ஹெட்செட்டில் மூச்சு.

நேற்றைவிட மெல்லிசாக. இடையிடையே நின்று... நின்று...

"குருவி?"

மூச்சு மட்டும்தான் கேட்டது.

"குருவி... ரெடியா?"

மூச்சு நின்றது.

"ரெடி."

அவள் குரல்தான். ஆனால் ரொம்பத் தூரத்திலிருந்து.

7:52. "கோ."

லைட் எரிந்தது. கதவு முழுதாகத் திறந்தது. வெளிச்சம் நேராக என் கண்ணில் அடித்தது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஜட்ஜ் எழுந்து நிற்பது மட்டும் நிழலாகத் தெரிந்தது. கையை நீட்டினான். கையில் கடிதம் இருந்தது.

ஜனங்கள் கை தட்டினார்கள். அந்த இடத்தில் யாரும் தட்டியதே இல்லை.

முப்பத்தெட்டு விநாடி.

கதவு சாத்தவில்லை.

"குருவி?" என்றேன். ஹெட்செட்டில் மூச்சும் இல்லை.

நாடகம் முடிந்ததும் ஓடினேன். இடது பக்கம் யாரும் இல்லை. ஸ்டூல் காலி. சார் பின்னாலேயே வந்தார். திட்டப் போகிறார் என்று நின்றேன்.

"எங்கிட்ட ஏன் சொல்லல? நல்லாத்தான் பண்ணா அந்தப் பொண்ணு. எங்க அவ?"

ஜட்ஜ் கையைத் தேய்த்துக்கொண்டே வந்தான். "குருவிக்கு உடம்பு சரியில்லையாடி? கை ஐஸ் மாதிரி இருந்துச்சு."

எல்லோரும் அவளைப் பார்த்திருக்கிறார்கள்.

நான் மட்டும் பார்க்கவில்லை.

8:40க்கு போன் வந்தது. குருவியின் அண்ணன்.

அவள் போய்விட்டாள் என்றார்.

மறுநாள் அவர்கள் வீட்டில்தான் எனக்கு எல்லாம் தெரிந்தது. இரண்டு வாரமாக அவளுக்குக் காய்ச்சல் இருந்திருக்கிறது. சொன்னால் நாடகத்துக்கு அனுப்ப மாட்டார்கள் என்று வீட்டில் மறைத்திருக்கிறாள். ஒத்திகைக்கு வரும் வழியில் மூச்சு முட்டினால் எங்காவது உட்கார்ந்து, எழுந்து வருவாளாம். புதன்கிழமை விடிகாலையில் நினைவு தப்பி விழுந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் ஐசியுவில் சேர்த்திருக்கிறார்கள். நுரையீரல் முழுக்கச் சளி. போன் அவள் பைக்குள்ளேயே சார்ஜ் இல்லாமல் கிடந்திருக்கிறது. வெள்ளி, சனி இரண்டு நாளும் அவள் கண்ணே திறக்கவில்லை.

நான் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். ஏதோ சொல்ல வேண்டும் என்று, "ரொம்பக் கஷ்டப்பட்டாளாண்ணா?" என்று கேட்டேன்.

அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அதான்மா புரியல. ஞாயித்துக்கிழமை காலைல கண்ணு முழிச்சா. அம்மாகிட்ட பேசினா. கஞ்சி குடிச்சா. கண்டம் தாண்டியாச்சு, நாளைக்கு வார்டுக்கு மாத்திடலாம்னு டாக்டரே சொன்னார். சாயங்காலம் வரைக்கும் நல்லாத்தான் இருந்தா."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி. நான் பக்கத்துலதான் இருந்தேன். திடீர்னு கதவைப் பாத்தா. முகமெல்லாம் சிரிப்பு. 'இதோ வந்துட்டேன்'னு எந்திரிச்சு உக்காந்தா. நான் திரும்பிப் பாக்குறேன், கதவுகிட்ட யாருமே இல்ல. மறுபடி இவ பக்கம் திரும்புறதுக்குள்ள..."

என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"பொழைச்சு வந்த புள்ளைய அப்படி யாரும்மா கூப்பிட்டிருப்பாங்க?"