கறப்பவர் பெயர்

எங்கள் பால் பண்ணைக்கு நான்தான் முதலாளி. ஆறு மாடு, ஒரு கொட்டகை, ஓர் ஓட்டை மோட்டார் சைக்கிள், எல்லாம் என் பொறுப்பு. காலையில் பால் கேனைச் சொசைட்டியில் இறக்கிவிட்டு, அங்கே இருப்பவர்களுக்குப் பால் தொழிலைப் பற்றி ஒரு மணி நேரம் பாடம் எடுப்பேன். களைத்துப்போய் வீடு திரும்புவேன். கறப்பது மட்டும் என் மனைவி. அதுவும் ஒரு வேலை என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

சென்ற வருடம் அவளுடைய வலது கட்டை விரலும் மணிக்கட்டும் வீங்கிவிட்டன. இனிக் கையால் கறந்தால் விரல் மடங்காமலே போய்விடும் என்றார் டாக்டர். ஒன்று, கறவை மெஷின் வாங்க வேண்டும். இல்லையென்றால் மாடுகளை விற்றாக வேண்டும். மெஷின் விலையில் முக்கால் பங்கை அரசாங்கம் மானியமாகத் தருவதாகச் சொசைட்டியில் சொன்னார்கள். அன்றே விண்ணப்பத்தை வாங்கி வந்து நிரப்பினேன். 'பண்ணையில் கறப்பவர் பெயர்' என்ற இடத்தில், கொஞ்சமும் கை கூசாமல் என் பெயரை எழுதினேன். முதலாளி இருக்கும்போது வேறு யார் பெயரை எழுதுவதாம்?

விசாரிக்க வந்தது ஓர் அதிகாரி அம்மா. மாடுகளை எண்ணினார், கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார்.

"சார், கொஞ்சம் கறந்து காட்டுங்க."

என் முகத்தில் ஈயாடவில்லை. இருந்தாலும் விட்டுக்கொடுக்காமல் வாளியோடு ராஜநடை போட்டு, இருப்பதிலேயே சாதுவான செவலையின் பக்கத்தில் உட்கார்ந்தேன். எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரியாது. செவலைக்குத் தெரிந்திருந்தது. விட்ட உதையில் வாளி ஒரு மூலையில் கிடந்தது, நான் ஒரு மூலையில் கிடந்தேன். இன்றைக்கு அதற்கு மனசு சரியில்லை போல என்று அசடு வழிந்தேன்.

அதிகாரி சிரிக்கவில்லை. பொய்த் தகவல் கொடுத்த விண்ணப்பம் தள்ளுபடிதான் என்றார். கறப்பவர் பெயரில் புதிதாக எழுதலாம், ஆனால் இன்றுதான் கடைசி நாள், அவரும் கறந்து காட்ட வேண்டும் என்றார்.

என் மனைவி மணிக்கட்டில் சுற்றியிருந்த கட்டுத்துணியை அவிழ்த்தாள். வேண்டாம் என்றேன்.

"இன்னிக்குக் காலையில கறந்தப்போ வேண்டாம்னு சொன்னீங்களா?" என்றாள்.

உட்கார்ந்தாள். செவலை அசைபோட்டபடி நின்றது. வாளியில் பால் ஒரே சீராக விழ, அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். இருபது வருடத்தில் அவள் கறப்பதை நான் நின்று பார்த்தது அன்றுதான். எனக்கு வெட்கமாக இருந்தது.

விண்ணப்பம் அவள் பெயரில் போனது. மெஷின் வர நான்கு மாதம் ஆகுமென்று சொல்லிவிட்டு அதிகாரி கிளம்பினார். அதுவரை யார் கறப்பது என்று கேட்க எனக்கு முகமில்லை. சாயங்காலம் வாளியை நானே எடுத்தேன். எந்தப் பக்கம் என்று அவளிடம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் செவலையின் கழுத்தைத் தடவிக்கொடுத்தபடி நின்றாள். பத்து நிமிடத்தில் கால் லிட்டர் தேறியது, அதற்கே விரல்கள் கெஞ்சின. அவள் குனிந்து என் கையைப் பார்த்தாள்.

"கட்டை விரலை உள்ள மடக்காதீங்க. இருபது வருஷம் நான் அப்படித்தான் மடக்கிக் கறந்தேன்."