சூசையம்மாளும் ஆற்றங்கரைத் தேனீக்களும்

வில்லியனூர்ச் சந்தையில் மாட்டுக்குக் கயிறு வாங்கிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. எங்கள் ஊர் வண்டிக்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தாமலே, "உங்க பக்கத்துக் கொல்லை சூசையம்மா காலையில செத்துப்போச்சுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கயிற்றைக் கடையிலேயே விட்டுவிட்டு ஒதியம்பட்டுக்கு நடந்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் மாதா கோயில் மணி அடித்து ஓய்ந்திருந்தது.

அவரை அறிந்தவர்களுக்கு அவரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஆற்றுப் படுகையில் அரைக் காணியைக் குத்தகைக்கு எடுத்துப் பரங்கியும் சுரையும் வைத்தவர். கணவர் சைகோனுக்குக் கப்பலேறிப் போனவர், திரும்பவில்லை. இரண்டு பெண்களைத் தனியாக வளர்த்துக் கட்டிக்கொடுத்தார். இதெல்லாம் ஊர்க்காரர்களான உங்களுக்கே தெரியும். அவருக்கும் எனக்கும் நடந்த ஒன்று மட்டும் உங்களில் பலருக்குத் தெரியாது. அதைச் சொல்லாமல் அவரை நினைத்தேன் என்று சொல்லிக்கொள்வது நியாயமில்லை.

ஐரோப்பாவில் நடந்த முதல் பெரிய சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருக்கும். என் கொல்லையும் அவர் கொல்லையும் சேருமிடத்தில் ஒரு பெரிய ஆலமரம். அதன் உயரக் கிளையில் மூன்று தேனடைகள், ஒவ்வொன்றும் முறம் அகலம். மார்கழியில் ஒருநாள் என் செவலைக் காளையை அதனடியில் கட்டியிருந்தேன். பருந்து அடித்ததோ, யாராவது கல்லெறிந்தார்களோ, தேனீக்கள் கலைந்து காளையின் மேல் விழுந்தன. கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிய காளை கரையிலிருந்து ஆற்றுக்குள் உருண்டு காலை முறித்துக்கொண்டது. பொழுது சாய்வதற்குள் செத்துப்போனது. கன்றிலிருந்து என் கையில் தவிடு தின்ற மாடு.

மறுநாள் மாலை நாலு ஆட்களோடு பந்தம் கட்டிக்கொண்டு போனேன். சூசையம்மாள் இடுப்பில் புல்லுக்கட்டோடு வந்து நின்றார்.

"மாட்டுக்காக அழுவுறதுல ஞாயம் இருக்குது ஆண்டே. ஆனா அதுங்களைக் கொளுத்தாதீங்க. பரங்கி வெக்கப்போற நேரம்."

"பரங்கிக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்? உன் வேலையைப் பாரு" என்றேன்.

அவர் போகவில்லை. அடைகள் எரிந்து விழுகிறவரை அங்கேயே நின்றிருந்தார். எனக்கு அதோடும் ஆத்திரம் அடங்கவில்லை. இனி ஒரு பூச்சியும் அண்டக்கூடாது என்று வேலியோரத்துப் புதரையெல்லாம் வெட்டிக் கொளுத்தச் சொன்னேன். அதில் நுணா, புங்கு, தும்பை என்று என்னென்னவோ இருந்தன. ஒரு பழைய நுணா மரத்தின் பொந்திலிருந்தும் சின்னத் தேனீக்கள் புகைக்குப் பயந்து வெளியேறின. நல்லது என்றுதான் நினைத்தேன்.

தையில் பரங்கி விதை போட்டேன். அந்த வருஷம்போல் கொடி ஓடி நான் பார்த்ததில்லை. மாசியில் கொல்லை முழுக்க மஞ்சள் பூ. பூவுக்கடியில் நெல்லிக்காயளவு பிஞ்சு தெரியும். மூன்றாம் நாள் அது வெளுத்து, வெம்பி, உதிர்ந்துவிடும். சாம்பல் தூவினேன், எருக்கரைசல் ஊற்றினேன், கண்ணேறு என்று சொன்னார்கள், அதற்கும் கழித்தேன். பத்துப் பிஞ்சில் ஒன்று நிற்கவில்லை. பங்குனியில் இரண்டு வண்டிக் காய் புதுச்சேரிக்குப் போனால்தான் செத்த மாட்டுக்குப் பதில் வேறு மாடு பிடிக்க முடியும். மாடில்லாமல் அடுத்த போகத்துக்கு உழவில்லை.

வரப்புக்கு அந்தப் பக்கம் சூசையம்மாளின் கொடியில் பிஞ்சுகள் நின்றன. அவள் ஏதோ மந்திரம் செய்கிறாள் என்று என் ஆட்களில் ஒருவன் சொன்னான். அதைக் கேட்டு நான் கோபத்தோடு விடியற்காலையில் போனதை மறைக்க விரும்பவில்லை.

அவர் பனியில் குந்தி உட்கார்ந்திருந்தார். பிஞ்சில்லாத பூ ஒன்றைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, நடுவிலிருந்த தண்டைப் பிஞ்சு வைத்த பூவுக்குள் விட்டு மெதுவாகச் சுற்றினார். அடுத்த பூவுக்கு நகர்ந்தார்.

"இன்னா பண்றே?"

"ஈ பண்ணவேண்டிய வேலையை நான் பண்றேன்" என்றார், தலை நிமிராமல்.

பிறகு அவரே சொன்னார். ஒரு வருஷம் ஆடு மேயாமல் இருக்க ஒரு கொடிமேல் கூடையைக் கவிழ்த்துவிட்டு மறந்துவிட்டாராம். கூடைக்குள் பூத்ததெல்லாம் உதிர்ந்தது, வெளியே பூத்தது காய்த்தது. "கூடைக்குள்ள வெயிலும் போவுது, தண்ணியும் போவுது. ஈ மட்டும்தான் போவலை. அப்புறம் குந்திக்கினு பார்த்தேன். அதுங்க மேலெல்லாம் மஞ்சமாவு ஒட்டிக்கினு ஒரு பூவுலேருந்து இன்னொண்ணுக்குப் போவுதுங்க."

வீட்டுக்கு வந்துவிட்டேன். மறுநாள் யாரும் பார்க்காத நேரமாகப் போய் நானே செய்து பார்த்தேன். என் முரட்டு விரலுக்குப் பூ முறிந்தது, பிஞ்சு கையோடு வந்தது. அன்று முழுவதும் கொல்லைப் பக்கம் போகவில்லை.

அதற்கடுத்த நாள் விடிந்தபோது என் கொல்லையில் யாரோ குனிந்திருப்பது தெரிந்தது. சூசையம்மாள்தான். சேலை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"உன்னை யாரு வரச் சொன்னது?" என்றேன்.

"யாரும் சொல்லலை. வெயில் ஏறினா பூ மூடிக்கும், பேசிக்கினு நிக்க நேரமில்லை. நீங்க அந்தாண்டை ஓரத்துலேருந்து வாங்க. காம்பைப் புடிங்க, பிஞ்சைப் புடிக்காதீங்க."

அவர் ஓர் ஓரத்திலிருந்தும் நான் மறு ஓரத்திலிருந்தும் ஆரம்பித்தோம். பூக்கும் காலம் முடிகிறவரை தினமும் அப்படியே. முதலில் அவர் கொல்லை, பிறகு என்னுடையது. வழியில் போகிறவர்கள் நின்று பார்த்துச் சிரித்தார்கள். ஆண்டை வீட்டுக்காரன் சேரிப் பெண்பிள்ளை சொல்லக் கேட்டுப் பூவுக்குப் பூ நகர்கிறான் என்று ஊரில் பேச்சானது. அவர் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கூலி என்று நான் காசு எடுத்தபோது வேண்டாமென்றார். தாது தீர்ந்த பூக்களை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு போவார். "பசங்க பொரியலுக்குக் கேக்குதுங்க" என்பார்.

பங்குனிக் கடைசியில் காய் அறுத்தோம். இரண்டு வண்டி வரவில்லை, ஒன்றரை வந்தது. ஒரு மாடு பிடித்தேன்.

அன்றைக்குத்தான் அவர் என்னிடம் ஒன்று கேட்டார். "வேலியோரம் மூணு முழம் எனக்காக விட்டுவைங்க. உழாதீங்க, வெட்டாதீங்க."

"அதுல உனக்கு இன்னா கிடைக்கும்?"

"நம்ம பரங்கி பூக்கறது ஒரு மாசம். மிச்ச மாசமெல்லாம் ஈங்க இன்னா துன்னும்? தும்பை இருந்துது, புங்கு இருந்துது, நுணா இருந்துது. ஒண்ணு முடிஞ்சா ஒண்ணு பூத்துக்கினு இருந்துது. அந்தச் செடிங்களும் சும்மா சோறு போடலை, ஈங்க வந்தாத்தான் செடியும் காய்க்கும். நீங்க வூட்டையும் கொளுத்தி அடுப்பையும் அவிச்சிட்டீங்க. எங்க வரும்?"

நான் விட்டேன். புங்க விதையை அவரே கொண்டுவந்து ஊன்றினார். வெட்டிய நுணா அடியிலிருந்து துளிர்த்தது. மறு மாசியிலும் நாங்கள் இருவரும் குனிந்துதான் ஆகவேண்டியிருந்தது. அதற்கடுத்த மாசியில் சின்னத் தேனீக்கள் வந்து பாதி வேலையை எடுத்துக்கொண்டன. மூன்றாம் வருஷம் ஒருநாள் காலை ஆலமரத்தின் உயரக் கிளையில் கறுப்பாக ஒரு திரள் தொங்கியது. நான் அவர் வீட்டு வாசலுக்கே போய்ச் சொன்னேன். கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, கண்ணுக்குமேல் கை வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"வந்துட்டாங்க" என்றார். கண் கலங்கியிருந்தது. உடனே என்னைப் பார்த்து, "மாட்டை மட்டும் அந்தப் பக்கம் கட்டுங்க ஆண்டே" என்றார்.

அதன்பிறகு எத்தனையோ வருஷம் பக்கத்துப் பக்கத்தில் பயிர் வைத்தோம். அவர் சாந்தமானவர் என்று யாரும் நினைத்துவிடவேண்டாம். தேனெடுக்க வந்தவன் அடையை முழுசாக அறுத்ததற்காக அவனைத் தெருக்கோடிவரை திட்டிக்கொண்டே துரத்தியதை நானே பார்த்திருக்கிறேன். கடைசி இரண்டு வருஷமும் மூட்டுவலியால் குனிய முடியாமல் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். உயிரோடு இருந்தவரை ஒருநாளும் அவரை 'நீ' என்பதற்குமேல் நான் அழைத்ததில்லை. கல்லறையில் மண் போடும்போதுதான் அது என்னை உறுத்தியது. 'நீங்கள்' என்று அவருக்குக் கேட்கும்படி சொல்ல இனி வழியில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். எந்த மரத்தையும் புதரையும் வெட்டுவதற்குமுன், அது பூக்கிற காலத்தில் ஒரு காலைப்பொழுது அதனடியில் போய் நிற்பேன், யார் யார் வருகிறார்கள் என்று பார்க்க. போன வாரம் என் மகன் கிணற்றோரத்து இலந்தையை வெட்டவேண்டும், முள் குத்துகிறது என்றான். அவனையும் அழைத்துக்கொண்டு போய் நின்றேன். ஈ வந்தது, எறும்பு வந்தது, பேர் தெரியாத ஒரு பச்சை வண்டு வந்தது, பழுத்திருந்த கிளைக்குக் கொண்டைக்குருவி ஜோடி வந்தது. வெயில் ஏறுகிறவரை நின்றோம். அவன் மரத்தை வெட்டாமலே அரிவாளைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.