பத்திரம் போட்டுக் காத்த ரகசியம்

என் வெப்சைட் யோசனையைப் பாதுகாக்க இன்று இராமநாதபுரம் போனேன். ஊருக்கே தண்டோரா போட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

இனி என்ன ரகசியம், சொல்லிவிடுகிறேன். நெல் அறுக்கும் மிஷின் இன்று எந்த ஊரில் நிற்கிறது, நம் வயலுக்கு எப்போது வரும் என்று போனிலேயே பார்க்கலாம். புரோக்கர் பின்னால் அலைய வேண்டாம்.

இதைச் செய்துதர ஒரு புரோகிராமர் தம்பி கிடைத்தார். யாரிடமும் சொல்லக்கூடாது என்று பத்திரத்தில் கையெழுத்து கேட்டேன். மறுபேச்சில்லாமல் சம்மதித்து, என்னோடு கோர்ட்டுக்கும் வந்தார்.

கோர்ட் வாசலில் டைப் அடிப்பவர், "வெவரம் இல்லாம அடிச்சா செல்லாது தாயி" என்றார். யோசனை முழுவதையும் எழுதிக் கொடுத்தேன். அடித்து முடித்ததும் மனுஷன் முதல் வரியிலிருந்து கணீரென்று வாசிக்கிறார்!

"அண்ணே, மெதுவா!"

"சத்தமா வாசிச்சாத்தேன் தப்பு தெரியும்."

'ரகசியம்' என்ற சொல் வந்தபோது குரல் இன்னும் ஏறியது.

வரிசையில் நின்ற ஒருவர், "உரத்துக்கு வயல்ல அடைக்கிற ஆட்டுக்கிடைக்கும் இதே மாதிரி செய்யலாம்ல?" என்று என்னிடமே கேட்கிறார். அவருக்குப் பின்னால் நின்றவர் போனை எடுத்தார். "ஏலே மாப்ள, நீ கம்ப்யூட்டர் படிச்சவந்தான? ஒடனே கெளம்பி இங்கன வா."

யாரென்று விசாரித்தேன். மிஷின் புரோக்கராம்.

பத்திரம் மட்டும் பக்கா. அதன்படி இந்த யோசனையை வெளியே சொல்லக்கூடாத ஒரே ஆள், அங்கே வாயே திறக்காமல் நின்ற அந்தத் தம்பிதான்.

இன்று அந்த வரிசையில் நின்றவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து கமெண்டில் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.