ராணிக்கு ஊதாக் கூந்தல்

அந்தத் தெருவில் பட்டப்பகலில் தூங்கிச் சம்பாதிப்பவள் சாயக்காரி ஒருத்திதான். அலுவலகங்களிலும் அப்படிச் சிலர் உண்டு; அவர்கள் ஒத்துக்கொள்வதில்லை.

அவள் சரக்கு மொஹேர். ஒரு ஜாதி ஆட்டின் ரோமம். பட்டுபோல மினுங்கும், சுருள் சுருளாகத் தொங்கும். நூல் நூற்பவர்களும் பொம்மை செய்பவர்களும் தேடி வந்து வாங்குவார்கள். ஊறிய ரோமத்தைச் சாயத் தண்ணீரில் அமுக்கி, வினிகர் விட்டு, கொதிக்கவிடாமல் சூடாக்கி, அடுப்பை அணைத்துவிட்டுக் கட்டிலில் சாய்வாள். அப்புறம் பானையைத் தொடக்கூடாது. தண்ணீரிலிருக்கும் நிறம் மெல்ல மெல்ல ரோமத்துக்குள் குடிபோகும். கனவில் அவளுக்கு மேகங்கள் வெளுத்துக்கொண்டே வரும். முழுக்க வெளுத்ததும் கண் திறப்பாள். பானையில் வெறும் தண்ணீர் நிற்கும்.

அன்று பானையில் இருந்தது பொம்மைக்காரர் கேட்ட ஊதாக் கூந்தல். அவருடைய ராணி பொம்மை மறுநாள் மேடை ஏறவேண்டும்.

விருந்தாளியாக வந்திருந்த நாத்தனாரோ எந்தப் பாத்திரத்தையும் சும்மா விட்டவள் இல்லை. சாயக்காரி கண்ணயர்ந்ததும் அடுப்பை மூட்டி, கரண்டியால் நன்றாகத் துழாவிவிட்டாள். சாயக்காரி விழித்தபோது பானைக்குள் ஊதாப் பூனை ஒன்று சுருண்டு படுத்திருந்த மாதிரி இருந்தது.

"அடிப்பிடிச்சிடுமேன்னு கிண்டினேன்மா. நீ பாட்டுக்குத் தூங்கிட்டே."

"இது சமையல் இல்ல, அண்ணி. கிண்டினா ஒண்ணோட ஒண்ணு கட்டிக்கும். பிரிக்கவே முடியாது."

"குடும்பம்னா அப்படித்தானே இருக்கணும்?"

சாயக்காரிக்குச் சிரிப்பு வந்தது. ரோமப் பையை உதறிப் பார்த்தாள். "இன்னும் ஒரே ஒரு தலைக்குத்தான் ரோமம் இருக்கு. அதுவும் போனா ராணி மொட்டைதான்."

நாத்தனார் முகம் சுண்டிப்போயிற்று. "நான் வேணா வெளியில போய் உக்காரட்டுமா?"

"சன்னல் வழியா கைய விடுவீங்க. இங்கேயே என் பக்கத்துல படுங்க."

மிச்ச ரோமம் பானைக்குள் இறங்கியது. அடுப்பு அணைந்தது. ஊதா ஆவி கூரைவரை போய்த் திரும்பி வருவதுபோல் இருந்தது. நாத்தனாரின் கை போர்வையைக் கொஞ்ச நேரம் கிண்டியது; பிறகு அதுவும் ஓய்ந்தது. இந்த முறை தூக்கம் வராதது சாயக்காரிக்குத்தான்.

மொட்டை ராணியை இடுக்கிக்கொண்டு பொம்மைக்காரர் வந்தார். சாயக்காரி உதட்டில் விரலை வைத்தாள். அவர் எட்டிப் பார்த்தார். தண்ணீர் கிட்டத்தட்டத் தெளிந்திருந்தது; உள்ளே சுருள்கள் ஒன்றையொன்று தொடாமல் மிதந்தன.

"எடுத்துடலாமா?"

"ஆறட்டும்ங்க."

அவர் ராணியை முக்காலியில் வைத்துவிட்டுத் தானும் சுவரில் சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவர் தலையும் தொங்கியது; அவரைப் பார்த்துச் சாயக்காரியும் சொக்கினாள். ராணி மட்டும் பானையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இமை வைக்கவில்லை.