மாமா எடுத்துக் கொடுத்த படிப்பு

கீரப்பாளையத்தில் எங்கள் பக்கத்து வீட்டுச் சந்திரலேகா என்ன படிக்க வேண்டும் என்று அவளைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவளுடைய தாய்மாமன் சபாபதிக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அப்பா இல்லாத வீடு, மாமா வைத்ததுதான் சட்டம். பத்தாவது முடிந்ததும், "இனிமே எல்லாம் கம்ப்யூட்டர்தான்" என்று அந்த குரூப்பில் சேர்த்துவிட்டார். உயிரியல் புத்தகத்தை அத்தோடு மூடினாள்.

2005இல் கவுன்சிலிங்குக்குச் சென்னை போனபோது அதே வாய் வேறு பேசியது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எதையோ ஓதியிருக்கிறார்.

"நான் எலக்ட்ரானிக்ஸ் எடுத்துக்கறேன் மாமா."

"சும்மா இரு. பயோ இன்ஜினியரிங்னா பாதி டாக்டரு. கட்டிக் குடுக்கறப்ப நாலு பேரு தேடி வருவாங்க."

"நான் பயாலஜியே படிக்கலியே."

"அங்க சொல்லிக் குடுப்பாங்க. அதுக்குத்தான காலேஜு."

கடலூர்ப் பக்கத்து காலேஜில் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இதெல்லாம் ப்ளஸ் டூவிலேயே படித்திருப்பீர்கள் என்று தாண்டிப் போய்விட்டார்கள். முதல் செமஸ்டரிலேயே அரியர். ஊரிலோ அதற்குள் டாக்டரம்மா என்று பெயர் வைத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமையானால் சர்க்கரை ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு தெருவே வரும். உள்ளே அழுதுவிட்டு வெளியே வந்து படித்துச் சொல்வாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆனால் அழுத்தக்காரி. சிதம்பரத்துப் பழைய புத்தகக் கடையில் பதினோராம் வகுப்புத் தாவரவியலும் விலங்கியலும் வாங்கி முதலிலிருந்து படித்தாள். மூன்றாம் வருஷம், செல் எப்படிப் பிரிகிறது என்று என்னிடம் ஆரம்பித்தால் அடுப்பில் பால் பொங்கினாலும் நிறுத்த மாட்டாள். வேண்டாவெறுப்பாய்ச் சேர்ந்த படிப்பு உயிராகிவிட்டது. அதுதான் கொடுமை.

2009இல் முடித்தாள். வேலை எங்கேயும் இல்லை. மேலே படிக்கிறேன் என்றதற்கு, "அதுக்கு மேல படிச்ச மாப்ளய நான் எங்க போய்த் தேடறது?" என்றார் மாமா. ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர் வேலை கேட்டாள். ப்ளஸ் டூவில் உயிரியலே இல்லையே என்று அனுப்பிவிட்டார்கள். கடைசியில் சிதம்பரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போட உட்கார்ந்தாள். சாயங்காலம் மாமா மகள் மாலதிக்கு உயிரியல் சொல்லிக் கொடுப்பாள். அந்த நேரத்தில் மட்டும்தான் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்க்கலாம்.

2012இல் மாலதி ப்ளஸ் டூ முடித்தாள். அக்கா படித்ததைத்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். மாமா அவளை இழுத்துக்கொண்டு சந்திரலேகா வீட்டுக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

"நீயே சொல்லும்மா லேகா. அதப் படிச்சிட்டு நீ படற பாட்டப் பாத்தும் இவளுக்குப் புத்தி வரல."

உன்னைத் தவிர யார் சேர்த்துவிட்டது என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. சந்திரலேகா மாலதியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"மாமா சொல்றதக் கேளு. கம்ப்யூட்டரே எடு."

"உனக்கு அது உசுருன்னு சொன்னியேக்கா."

"உசுரா இருந்து என்ன பண்றது?"

மாமாவுக்கு வாயெல்லாம் பல். மாலதி கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலிலிருந்து திரும்பினாள்.

"நீயும் அப்பா மாதிரியே பேசற."

சந்திரலேகா கடைக்கு நேரமாகிவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.