அத்தையைக் கூட்டிவரப் போனோம்

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அப்பா என்னைச் சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனார். சுற்றிப் பார்ப்பதற்காக இல்லை. அத்தையை ஊருக்குத் திரும்பக் கூட்டிவருவதற்காக.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பதாகத்தான் எங்கள் ஊரான புதுவயலில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தோம். அவளுக்கு ஒக்கூரில் ஒரு மாப்பிள்ளையைப் பார்த்து, பூ வைக்க நாளும் குறித்துவிட்டார் பெரியப்பா. சிங்கப்பூரில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து, எங்கள் வீட்டு நல்லது கெட்டதையெல்லாம் தீர்மானித்துக்கொண்டிருந்தவர் அவர்தான். அத்தையோ போனை எடுக்கவேயில்லை. அந்த வாரம் பார்த்து யாரோ ஒருவர் தன் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினார். அதில் அத்தை ஒரு கிடாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தாள். கம்பெனி வேலையை அவள் எப்போதோ விட்டுவிட்டாள் என்பதும் அதோடு தெரியவந்தது.

"மேடையேறிக் கூத்தடிக்கத்தான் மெட்ராசுக்கு அனுப்புனோமா? கையோட கூட்டிட்டு வா" என்று பெரியப்பா அப்பாவிடம் குதித்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். "புள்ளையையும் கூட்டிட்டுப் போ. அதைப் பாத்தா அவ மனசு இளகிரும்."

இளக்க வேண்டியது என் வேலை என்று புரிந்தது. எப்படி இளக்குவது என்று மட்டும் யாரும் சொல்லித்தரவில்லை.

காரைக்குடியில் விடியற்காலை ரயில் ஏறி, சென்னையில் அத்தையின் அறையைத் தேடிக் கண்டுபிடிக்கும்போது சாயங்காலமாகிவிட்டது. ஆண்பிள்ளை மாதிரி முடி வெட்டிக்கொண்ட ஓர் அக்கா கதவைத் திறந்தாள்.

"அவளுக்கு இன்னிக்கு கிக் இருக்கு அங்கிள். அங்கதான் போயிருக்கா."

அப்பாவின் முகம் கறுத்துப்போனது. எங்கள் தெருவில் கிக் என்றால், குடித்துவிட்டு வருகிறவர்களுக்குத் தலைக்கு ஏறுவது. "எந்தங்கச்சிக்கா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த அக்கா சிரித்துவிட்டாள். "ஐயையோ, அது இல்ல அங்கிள். கச்சேரி!"

கச்சேரி என்றதும் எனக்குத் தெம்பு வந்தது. ஊர்த் திருவிழாவில் நான் பார்த்த கச்சேரியில் ஆளுயர ஸ்பீக்கர் இருக்கும், ஜிகினாச் சட்டை இருக்கும். அந்த அக்கா வழி சொல்லி நாங்கள் போய்ச் சேர்ந்த இடத்திலோ, ஒரு காபிக் கடையின் மொட்டை மாடியில், தலையணை மாதிரி எதையோ போட்டு முப்பது நாற்பது பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரே ஒரு மைக். கண்ணாடி போட்ட ஒரு பையன், தண்ணி லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடுவதைப் பற்றிப் பாடினான். அடுத்து ஒரு பெண், வாடகை கேட்டு நச்சரிக்கும் வீட்டுக்கார அம்மாவைப் பற்றிப் பாடினாள். எல்லோரும் தலையை ஆட்டிக் கேட்டார்கள்.

"இது எந்தப் படத்துப் பாட்டுப்பா?"

"தெரியல."

பக்கத்திலிருந்தவர் எங்கள் பக்கம் குனிந்து, "படத்துல வராது பாப்பா. இவங்களே எழுதி இவங்களே பாடுறது" என்றார். படத்தில் வராத பாட்டை எதற்காகப் பாடுகிறார்கள் என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அத்தை வந்து மைக்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஊருக்கு வரும்போது போடுகிற அதே சுடிதார். கிடாரைத் தட்டிப் பார்த்துவிட்டு, எங்களைக் கவனிக்காமல் பாடத் தொடங்கினாள்.

*கோண வகிடெடுத்து, கொண்டை ஊசி ரெண்டு குத்தி*
*பச்ச ரிப்பன் கட்டிவிட்ட பாவி அண்ணே...*
*மில்லுத் தவிட்டோட, மேலெல்லாம் உமியோட*
*பள்ளிக்கூடம் கூட்டிப்போன பாவி அண்ணே...*

கூட்டம் சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. அரிசி மில்லில் வேலை பார்த்து, உமியும் தவிடுமாக வீட்டுக்கு வருகிறவர் என் அப்பாதான். அப்பத்தா செத்தபோது அத்தை சின்னப் பிள்ளை, பெரியப்பா வெளிநாட்டில் இருந்தார், அப்பாதான் அவளுக்குச் சடை பின்னிப் பள்ளிக்கூடம் அனுப்பினார் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அப்படிப்பட்ட மனுசனைப் பாவி என்று இத்தனை பேருக்கு முன்னால் பாடுகிறாளே! அப்பா இப்போது எழுந்து போய் அறையப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

அப்பா எழுந்துதான் நின்றார்.

அத்தை நிமிர்ந்தாள். பார்த்தாள். பாட்டு பாதியில் நின்றது, கிடாரும் நின்றது. உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். நான் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

"நிப்பாட்டாத" என்றார் அப்பா. "பாடு."

உட்கார்ந்துவிட்டார். அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. முடிந்ததும் ரொம்ப நேரம் கைதட்டினார்கள். அப்பா கைதட்டவில்லை. தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மாடியில் காற்று நன்றாகத்தான் வீசியது.

படிக்கட்டுப் பக்கத்தில் அத்தை வந்து நின்றாள். "எப்பண்ணே வந்தீக?" என்றாள். கன்னத்தில் விழப்போகும் அடிக்குத் தயாராக நிற்பவள் மாதிரி இருந்தாள்.

"ரிப்பன் பச்சை இல்ல" என்றார் அப்பா. "ஊதா."

"பச்சதாண்ணே."

"நாந்தான கட்டிவிட்டேன்? எனக்குத் தெரியாதா? ஊதா."

பிறகு மூவரும் தோசை சாப்பிடப் போனோம். அங்கேயும் ரிப்பன் பேச்சுதான். ஒக்கூர் மாப்பிள்ளையைப் பற்றியோ, பூ வைக்கிற நாளைப் பற்றியோ அப்பா வாயைத் திறக்கவில்லை. ரிப்பனின் நிறத்தைச் சொல்லவா இத்தனை தூரம் வந்தோம் என்று எனக்கு மண்டை குழம்பியது. வந்த வேலையை நானாவது பார்க்கலாம் என்று, "அத்தை, உங்களுக்கு மனசு இளகிருச்சா?" என்று கேட்டேன். இருவரும் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். அத்தை என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் எங்களைப் பஸ் ஏற்றிவிட்டாள். அவள் ஏறவில்லை.

பெரியப்பா எங்கள் வீட்டு வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அப்பா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஆளு சிக்கலண்ணே. ரூமைக் காலி பண்ணிட்டாளாம். எங்குட்டுப் போனான்னு யாருக்கும் தெரியல. அந்தச் சம்பந்தத்த வேணாம்னு சொல்லிருங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பொய் சொன்னால் முதுகுத் தோலை உரித்துவிடுகிற அப்பா, கண்கொட்டாமல் நின்று சொன்னார். பெரியப்பா அவரை நம்பாமல் என் பக்கம் திரும்பினார்.

"ஏத்தா, நீ சொல்லு. உங்கத்தையப் பாத்தியா?"

எது சரியான பதில் என்று அப்பாவின் முகத்தில் தேடினேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல், "தோசை சாப்பிட்டோம்" என்றேன்.

பெரியப்பா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு வெகுகாலம் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. எங்கள் வீட்டு விசேஷத்துக்கும் வரவில்லை. அத்தை இன்றைக்கும் சென்னையில் அதே மாதிரி மொட்டை மாடிகளில்தான் பாடிக்கொண்டிருக்கிறாள். அதையெல்லாம் விட, அந்தச் சாயங்காலம் பெரியப்பா தெருமுனை திரும்பிய பிறகு நடந்ததுதான் என்னைக் கூடுதலாகக் குழப்பியது. அம்மா செம்பில் தண்ணீரோடு வந்தாள். அவளிடமும் அப்பா எதுவும் சொல்லியிருக்கவில்லை. வாசலில் சொன்னதை அவளும் உள்ளேயிருந்து கேட்டவள்தான்.

"நல்லாப் பாடுறாளா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அப்பா தண்ணீரை அண்ணாந்து குடித்து முடித்தார். "ம். நடுவுல கொஞ்சம் தடுமாறுனா."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். பார்க்கவேயில்லை என்று அப்பா சொன்ன ஒருத்தி எப்படிப் பாடினாள் என்று இவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்கிறார்களே என்று, நான் ஒன்றும் விளங்காமல் நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.