ஒட்டுப்பாவாடையை முதலில் பார்த்தவள்

அந்த நாற்றுப் பண்ணையில் நிழல்வலைக்குக் கீழே இரண்டு வரிசை. இடப்பக்கத்துக் குழித்தட்டுகள் மூத்த மருமகளுடையவை, வலப்பக்கத்தவை இளையவளுடையவை. அண்ணனும் தம்பியும் எருவைக் கொண்டுவந்து கொட்டுவதோடு சரி. விதை போடுவது முதல் தக்காளி நாற்றைப் பிடுங்கிக் கொடுப்பது வரை ஓரகத்திகள் பாடு.

மூத்தவள் தங்கமானவள்தான். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பாள். ஆனால் இளையவளை யாராவது ஒரு வார்த்தை புகழ்ந்துவிட்டால் போதும், வயிற்றுக்குள் அடுப்பு மூட்டிய மாதிரி ஆகிவிடும். கடவுள் அவளுக்கு வைத்த சோதனை அது.

ஒருநாள் காலை தண்ணீர் தெளிக்கும்போது, தன் தட்டு ஒன்றில் இலைகள் வெளிர்பச்சையும் கரும்பச்சையுமாகத் திட்டுத்திட்டாய் இருப்பதை மூத்தவள்தான் பார்த்தாள். "இங்க வாடி, இதென்ன கண்றாவி?" என்று கூப்பிட்டதும் அவள்தான். இளையவள் இடுப்பில் மகளோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஐய, நம்ம பாப்பாவோட ஒட்டுப்போட்ட பாவாடை மாதிரியே இருக்குக்கா!"

அவ்வளவுதான் இளையவள் செய்தது.

மறுநாள் விவசாய ஆபீசர் வந்தார். நோய் கண்ட இலை ஒன்றைக் கிள்ளிவந்து வாசலிலேயே காட்டினார்கள். "இது தேமல் நோய்மா. தோல்ல திட்டுத்திட்டா தேமல் வருதில்ல, அதை வச்சு வந்த பேரு" என்றார். இளையவள் வாயை மூடிக்கொண்டு இருந்தாளா? பாவாடைக் கதையை எடுத்துவிட்டாள். ஆபீசர் விழுந்து விழுந்து சிரித்தார். "இது சொன்னதும் கண்ணுல தெரியுதே!" என்று போகிற இடமெல்லாம் ஒட்டுப்பாவாடை என்றே சொன்னார். அன்று கிளம்பும்முன், "இது கைவழியா பரவும். பால் கலந்த தண்ணியில கைய முக்கிட்டுத்தான் நாத்தைத் தொடணும்" என்று எச்சரித்தார்.

பத்து நாளில் பூச்சிமருந்துக் கடைப் பலகையில் 'ஒட்டுபாவாடை நோய்க்கு மருந்தில்லை, சுத்தமே மருந்து' என்று எழுதியிருந்தது. மூத்தவள் வாசலில் நின்று எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"நடுவுல ஒரு 'ப்' விட்டுப்போச்சு" என்றாள், மனசுக்குள் கொஞ்சம் குளிர்ந்து.

கடைக்காரர் உடனே சாக்பீஸை எடுத்து 'ப்' போட்டார். "உங்க வீட்டுச் சின்னம்மா வச்ச பேராமே? கெட்டிக்காரப் பொண்ணு."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று நொந்துகொண்டே வீடு திரும்பினாள்.

அன்றிலிருந்து நாற்று வாங்க வருகிறவர்களிடமெல்லாம் நோய்ச்செடி ஒன்றைப் பிடுங்கிக் காட்ட ஆரம்பித்தாள். "பேரு யாரு வேணா வைக்கலாம். முதல்ல பார்த்த கண்ணு என்னோடது." காட்டிய கையோடு அடுத்த தட்டுக்குப் போவாள். பால்தண்ணீர் வாளி இளையவளின் பக்கத்துக் கடைசியில் இருந்தது. அங்கே போய்க் கையை முக்க அவளுக்கு மனசில்லை. முந்தானையில் துடைத்துக்கொள்வாள்.

"நோயைப் பார்த்ததுக்கு மாலையா போடப்போறாங்க? போய்க் கையக் கழுவு" என்றார் கணவர்.

"உங்க தம்பி பொண்டாட்டிக்கு மட்டும் போடுறாங்கல்ல?"

ஆபீசர் மறுபடி வந்தபோது இடப்பக்கம் முழுக்கத் திட்டுத்திட்டாய் இருந்தது. வலப்பக்கம் சுத்தம்; ஓரத்தில் ஒரே ஒரு தட்டில் மட்டும் இரண்டு இலை சந்தேகமாய் வெளுத்திருந்தது. அவர் தாடையைத் தடவினார்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணா ஆரம்பிச்சிருந்தா எல்லாத்தையும் பிடுங்கி எரிச்சிடணும். ஒரு பக்கம்தான் முதல்னா, அந்தப் பக்கத்தையும் இந்த ஒரு தட்டையும் எடுத்தாப் போதும். முதல்ல எங்கம்மா வந்துச்சு?"

இளையவள் தன் வரிசையை ஒருமுறை பார்த்தாள். விதை போட்டு வளர்த்த பிள்ளைகள் மாதிரி எல்லாம் நிமிர்ந்து நின்றன. அக்காவைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு வாய் வரவில்லை.

"ரெண்டு பக்கமும் ஒரே நாள்லதான் சார் பார்த்தோம்."

மூத்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெயரை எடுத்துக்கொண்டாள், சரி. இப்போது முதலில் பார்த்ததிலும் பங்கா?

"ஒரே நாளா? யாருடி சொன்னா? முதல்ல வந்தது என் தட்டுல. பார்த்தது நான். இவ அப்புறமா வந்து எட்டிப் பார்த்தா, அவ்வளவுதான்!"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. ஆனால் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. ஆபீசர் தலையாட்டிவிட்டு இடப்பக்கத்தைக் கைகாட்டினார்.

பின்பக்கம் புகை எழும்பும்போது மூத்தவள் இடுப்பில் கைவைத்து நின்றாள். கண் எரிந்தது புகையால் என்று சொல்லிக்கொண்டாள். இளையவள் பால்தண்ணீர் வாளியைத் தூக்கிவந்து இரண்டு வரிசைக்கும் நடுவில் வைத்தாள்.

"இனிமே இது இங்கயே இருக்கட்டும்க்கா. கைய முக்குங்க."

மூத்தவள் முழங்கை வரை முக்கினாள். வேலியோரம் போன விவசாயி ஒருவர் புகையைப் பார்த்து நின்றார். "என்ன, ஒட்டுப்பாவாடையா?"

"ஆமாங்க" என்றாள் மூத்தவள், கையை உதறியபடி. "அந்தப் பாவாடைக்கு ஒட்டுப்போட்டுத் தச்சது இந்தக் கைதானான்னு இவகிட்டக் கேளுங்க."